வட ஆற்காட்டுப் பாழ் பங்களாக்கள்: லொகேஷன் பின் போடமாட்டேன், கதை சொல்கிறேன்

வாசகர் கேள்வி, 3.2.2024

வேலூர், ஆரணி, ஆற்காடு பக்கம் ஆளில்லாமல் கிடக்கும் பழைய பங்களா, சத்திரம், கோட்டை எது தெரிந்தாலும் சொல்லுங்கள். லொகேஷன் பின் போட்டால் ரொம்ப உதவி. பேய்க்கதை உள்ள இடமாக இருந்தால் இன்னும் நல்லது. "வட ஆற்காட்டுப் பேய் பங்களாக்கள்" என்று ஒரு போட்டோ தொடர் செய்யப்போகிறேன்.

3.2.2024, இரவு

பின் போடமாட்டேன். எல்லாருக்கும் தெரிந்த இடங்களைச் சொல்கிறேன்: ஆற்காடு டெல்லி கேட். ராணிப்பேட்டையில் பாலாற்றங்கரையில் இருக்கும் ராஜா ராணி நினைவு மண்டபங்கள். வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே மலைமேல் நிற்கும் சஜ்ஜரா, குஜ்ஜரா, முர்துசா கோட்டைகள். மேல்பாடி. வள்ளிமலைச் சமணர் குகைகள். படவேடு. ஆரணிப் பக்கம் பூசிமலைக்குப்பம் ஜாகீர்தார் பங்களாவை நீங்களே பார்த்திருப்பீர்கள், சினிமாக்காரர்கள் வந்துபோகிற இடம்.

மற்றவை, அதாவது ஏரிக்கரையில் தனியாக நிற்கும் முசாபரி பங்களா (வழிப்போக்கர் விடுதி), பூட்டிய கச்சேரி (அந்தக் கால அரசு அலுவலகம்), ஓடு சரிந்த சத்திரம், இவற்றுக்கெல்லாம் காவலும் கிடையாது, தொல்லியல் துறையின் நீலப் பலகையும் கிடையாது. அவற்றுக்கு இருக்கும் ஒரே பூட்டு ஊரார் சொல்லும் கதை. "முனி இருக்குது, உள்ள போவாத" என்று மூன்று தலைமுறை சொல்லி வந்ததால்தான் தேக்கு நிலையும் ஜன்னல் கம்பியும் இன்னும் அங்கே இருக்கின்றன. அந்தக் கதையை "பேய் பங்களா" என்று தலைப்புப் போட்டு, வழியையும் காட்டி நீங்கள் வெளியிட்டால் பூட்டை நீங்களே கழற்றிக் கொடுத்ததாகும்.

படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறைய எடுங்கள். அவசரமாகவே எடுங்கள். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஒரு கூரை விழுகிறது.

4.2.2024

டெல்லி கேட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1751இல் ராபர்ட் கிளைவ் ஆற்காடு கோட்டைக்குள் இருந்துகொண்டு ஏறக்குறைய ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அவ்வளவு பெரிய கோட்டையில் சொல்லும்படியாக மிஞ்சியது அந்த வாசல்தான். மேலே இருக்கும் அறையை "கிளைவ் ரூம்" என்றுதான் இன்றைக்கும் காட்டுகிறார்கள். காலையில் வெயில் சாய்வாக விழும்போது செங்கல் வரிசையெல்லாம் தனித்தனியாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் வெறும் வெள்ளைச் சுவர்தான் படத்தில் இருக்கும்.

4.2.2024, மாலை

சட்ட விஷயத்தை ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன், திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் கையில் பிடித்து எடுக்கும் கேமராவுக்குப் பெரிதாகத் தடை இல்லை. டிரைபாட் நிறுத்தினால் அனுமதி கேட்பார்கள், டிரோனுக்குத் தனி விதி. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது. மற்ற இடங்களுக்கு முதலில் ஊரில் சர்வே எண் கேளுங்கள். அந்த எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் பட்டா நிலமா, புறம்போக்கா என்று அ-பதிவேட்டிலேயே (கிராம நிலப் பதிவேடு) தெரிந்துவிடும். பட்டா என்றால் சொந்தக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான். "யாரும் இல்லாத கட்டடம்" என்று நாம் நினைப்பதற்குப் பெரும்பாலும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார், பாகப்பிரிவினை வழக்கும் நடந்துகொண்டிருக்கும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பழக்கம். அதனால் அனுமதி வந்துவிடாது. ஆனால் "கேமரா வெச்சிக்கினு எவனோ சுத்துறான்" என்று யாராவது போன் செய்தால் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

7.2.2024

கூரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்தத் தொடரைப் படித்துவிட்டு யாராவது மாடிக்கு ஏறினால் எனக்குத் தூக்கம் வராது.

நம் பக்கத்துப் பழைய பங்களாக்களில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் போட்டிருப்பார்கள். தேக்கு விட்டங்களை நெருக்கமாக வைத்து, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாக்கில், சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நூறு வருஷத்துக்கு மேலும் தாங்கும்.

அது பலவீனமாவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். விட்டத்தின் நுனி சுவருக்குள் இருக்கிறது. சுவரில் ஈரம் இறங்கினால் அந்த நுனிதான் முதலில் உளுத்துப்போகும், கரையானும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். நடுவில் பார்த்தால் மரம் கருங்காலி மாதிரி கெட்டியாகத் தெரியும். அதனால் "மரம் நன்றாகத்தான் இருக்கிறது, ஏறலாம்" என்று கீழேயிருந்து சொல்கிறவரை நம்பாதீர்கள். கீழே அறையில் நிற்பதற்கு முன்பும் அண்ணாந்து பாருங்கள். விட்டம் சுவரைச் சந்திக்கும் இடத்தில் கறுப்பாகக் கறை இருந்தாலோ, தரையில் புதிதாகச் சுண்ணாம்புத்தூள் கொட்டியிருந்தாலோ வாசலில் நின்றே எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு வைத்த வாசல்கள் பெரும்பாலும் கடைசி வரை நிற்கும், அதன் அடியில் நின்றால் அறை முழுவதும் லென்ஸில் வரும்.

அப்புறம் வௌவால். ஒரு அறையில் வௌவால் எச்சம் கனமாகக் கிடந்தால் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம். உயரமான முகப்பில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். சென்ட், பீடி, டிரோன் எதுவும் அதற்கு ஆகாது. சருகுக்குள் கண்ணாடி விரியன் படுத்திருக்கும், நீங்கள் கிட்டே போனாலும் விலகாது. கால் வைப்பதற்கு முன் குச்சியால் தட்டுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, மந்திரிப்பது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை.

9.2.2024

சுரங்கப்பாதை. வந்துவிட்டது அந்தக் கேள்வி.

வேலூர்க் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் இருக்கிறது, ராஜா குதிரையிலேயே போவார் என்று சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் கேட்டதுதான். தொல்லியல் துறை ஆய்வில் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர், வழியில் பாறை, பாலாற்றுப் படுகையின் ஊற்று. அகழித் தண்ணீருக்கு அடியில் தோண்டிக்கொண்டு போக வேண்டும் என்பதை யோசித்தாலே போதும்.

ஆனால் "பொய்" என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏன் விரிஞ்சிபுரம்? பக்கத்தில் இன்னும் எத்தனையோ ஊர் இருக்கிறது. விரிஞ்சிபுரத்துச் சாமி வழித்துணைநாதர். கள்ளர் பயத்தோடு போன மிளகு வியாபாரிக்குத் துணையாக நடந்து போனவர் என்பது தலபுராணம். தப்பித்துப் போகிற ராஜாவை ஊர் ஜனம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? அந்தச் சாமி வாசலில்தான் சேர்க்கும். சுரங்கத்தைத் தேடிப் போகிறவருக்குப் படம் கிடைக்காது. விரிஞ்சிபுரம் கோயில் மதிலைப் போய்ப் படம் எடுத்து, இந்தக் கதையை அதன் அடியில் எழுதினால் அது ஒரு முழுப் படம்.

கிராமங்களில் "சுரங்க வாய்" என்று காட்டப்படுவதில் நான் பார்த்தவை பெரும்பாலும் மழைநீர் வடிகால், தானியக் குதிர், இல்லாவிட்டால் தூர்ந்த கிணற்றின் பக்கவாட்டு வளைவு. அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தானியக் குதிர் கட்டிய விதம் சுரங்கத்தைவிட அபூர்வம்.

9.2.2024, இரவு

வேலூர்க் கோட்டை அகழியில் முதலை இருந்தது என்கிறார்களே, அது எப்படி என்று கேட்டவருக்கு: அகழியில் தண்ணீர் இன்றும் இருக்கிறது, முதலை வளர்த்தார்கள் என்ற பேச்சும் இருக்கிறது. பத்தாயிரம் என்று எண்ணிக்கை சொல்வதுதான் ஏற்க முடியாதது. அத்தனை முதலைக்குத் தினமும் தீனி எங்கிருந்து வரும்?

14.2.2024

இந்தக் குறிப்பு நீளமாகப் போகும். என்னை மாற்றிய இடம் இது. ஊர் பெயர் வேண்டாம். குடியாத்தத்துக்கு அந்தப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையில் ஒரு துரை பங்களா. முன்னால் நான்கு உருண்டைத் தூண், சுற்றிலும் தாழ்வாரம், நடுவில் பெரிய கூடம். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் கதை கிடைத்துவிட்டது: வெள்ளைக்காரத் துரைசானி அங்கே தூக்குப் போட்டுச் செத்தாள், அமாவாசைக்கு அமாவாசை அவள் ஊஞ்சல் ஆடுகிற சத்தம் "கிறீச், கிறீச்" என்று கேட்கும். சொன்னவர் சத்தத்தைச் செய்தும் காட்டினார். கூடத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உத்தரத்தில் இருந்தவை வரிசையாகச் சின்னச் சின்ன வளையங்கள்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயாதான், "ஏம்பா, இன்னாத்துக்கு அந்தப் பாழூட்டப் படம் புடிக்கிற?" என்று பேச்சை ஆரம்பித்தார். ஊஞ்சலைப் பற்றிக் கேட்டேன். "ஊஞ்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. காலனில போயி எங்க ஊட்டுக்காரரக் கேளு" என்றார்.

காலனி என்றால் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் தலித் குடியிருப்பு. போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்ன கதை வேறு. துரைக்குப் பங்கா (கூரையிலிருந்து தொங்கும் பெரிய துணி விசிறி) இழுக்கும் வேலைக்கு அவர்கள் குடும்பத்திலிருந்துதான் ஆள் போவார்களாம். கூடத்தில் பங்கா தொங்கும், கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளித் தாழ்வாரத்துக்கு வரும், இழுக்கிற ஆள் வெளியே உட்கார்ந்திருப்பார். ராத்திரி முழுக்க. ஒரு சித்திரை மாதம் கயிறு இழுத்துக்கொண்டே அவர் தூங்கிவிட்டார், துரை எழுந்துவந்து எட்டி உதைத்ததில் செத்துப்போனார். "அந்தச் சத்தம் கயிறு சத்தம்பா. இன்னும் இழுத்துனு கெடக்கறாரு." கொஞ்ச நேரம் கழித்து, நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "பேயின்னு எழுதாத. எங்க தாத்தாவோட அண்ணன் அவரு. பொங்கலுக்கு அவருக்கும் சேத்துதான் படைக்கறோம்" என்றார்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுச்சுவரில், தலை உயரத்துக்கு மேலே, ஒரு ஓட்டை. நான்கு விரல் நுழையும். கயிறு ஓடி ஓடி கீழ் விளிம்பு வழுவழுவென்று தேய்ந்து பள்ளமாகியிருந்தது. உத்தரத்து வளையங்கள் எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது.

முதலில் நான் எடுத்த தூண்களும் தாழ்வாரமும் எந்தக் காலண்டரிலும் வரக் கூடியவை. அந்த ஓட்டையின் படம் அப்படி இல்லை. மக்ரோ லென்ஸ் எல்லாம் வேண்டாம், பக்கவாட்டிலிருந்து ஒரு வெள்ளை அட்டையால் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும்.

15.2.2024

"இதற்கு ஆதாரம் என்ன, கொலை நடந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்" என்று கேட்டவருக்கு. ஓட்டை நிரூபிப்பது அங்கே பங்கா இருந்தது, ரொம்ப நாள் இழுக்கப்பட்டது என்பதை மட்டும்தான். மரணத்தைச் சொல்வது அந்தக் குடும்பத்தின் நினைவு. நான் இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன். பங்கா இழுத்தவர்கள் இப்படி உதைபட்டுச் செத்த வழக்குகள் வெள்ளைக்காரர் ஆட்சியில் கோர்ட்டுக்கே வந்திருக்கின்றன, இந்தியா முழுக்க. ஆகவே பெரியவர் சொன்னது நடக்க முடியாத விஷயம் அல்ல.

இன்னொருவர், "ஜாதியை ஏன் கொண்டுவருகிறீர்கள், இது போட்டோ பற்றிய பேச்சு" என்று எழுதியிருக்கிறார். நான் கொண்டுவரவில்லை. ஊரில் ஒரு கதையும் காலனியில் ஒரு கதையும் இருக்கிறது. சத்தம் ஒன்றுதான், கேட்டவர்கள் இரண்டு தெருவில் இருக்கிறார்கள். டீக்கடையோடு நான் திரும்பியிருந்தால் துரைசானி கதைதான் படத்துக்குக் கீழே வந்திருக்கும், கயிறு இழுத்த மனிதர் வந்திருக்கவே மாட்டார். பழைய பங்களாவைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதே இதுதான்: அதைக் கட்டியவர், அதில் குடியிருந்தவர் பெயரெல்லாம் எங்காவது கல்லில் இருக்கும். அதில் வேலை செய்தவர்கள் இருப்பது ஊர்க்கதையில் மட்டும்தான். அந்தக் கதையையும் "பேய்" என்று சுருக்கிவிட்டால் அவர்கள் இரண்டாம் முறை போய்விடுகிறார்கள்.

15.2.2024, சற்று நேரம் கழித்து

இல்லை, அந்த ஊரின் பின்னும் கிடையாது. தனிச்செய்தியில் கேட்டாலும் கிடையாது.

21.2.2024

லொகேஷன் பின் கொடுக்காமல் இருப்பது பெரிய மனுஷத்தனம் என்று ஒருவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான், எனக்கும் வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

வாலாஜா பக்கம் ஒரு சத்திரம். உள்ளே முற்றத்தில் நான்கு பக்கமும் செதுக்கிய மரத்தூண். யாரோ எடுத்த வீடியோ பரவியது, "நள்ளிரவில் புதையல் காக்கும் ஆவி" என்று தலைப்பு. அடுத்து நான் போனபோது முற்றத்தின் நடுவே ஆள் உயரக் குழி. குழியைச் சுற்றி எலுமிச்சம்பழம், குங்குமம், கோழி இறகு. மை போட்டுப் பார்த்து வந்திருக்கிறார்கள். தூண்களில் இரண்டு இல்லை. சுவரில் காதல் ஜோடிப் பெயர்கள், பீர் பாட்டில். இருபது முப்பது வருஷம் மழையிலும் நின்ற தரை அது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை. படம் எடுக்கப் போன இடத்தில் புதுக் குழி பார்த்தால் தாசில்தார் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். படத்தின் தேதியும் அதற்கு உதவும்.

கோப்புக்குள் ஜிபிஎஸ் விவரம் ஒட்டிக்கொண்டு போகும் என்பதையும் மறக்காதீர்கள். போனில் கேமரா அமைப்புக்குப் போய் இடக்குறியை அணைத்துவிட்டு எடுங்கள், அல்லது வெளியிடுவதற்கு முன் நீக்குங்கள். உங்களுக்காக ஒரு பிரதியில் அந்த விவரத்தை வைத்திருங்கள், அது ஆவணம்.

27.2.2024

ராணிப்பேட்டைக்குப் போய்வந்தவர் ராஜா ராணி மண்டபப் படம் போட்டிருக்கிறார். நன்றாக இருக்கிறது, ஆனால் "தேசிங்கு ராஜாவின் பேய்" என்று ஏன்?

தேசிங்கு என்பது செஞ்சியை ஆண்ட தேஜ்சிங் என்கிற இளைஞன். அவன் 1714இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்தான். மனைவி உடன்கட்டை ஏறினாள். ஜெயித்த நவாபே அவள் நினைவாக ஊருக்கு ராணிப்பேட்டை என்று பெயர் வைத்தார் என்பது வரலாறாகவே சொல்லப்படுவது. தோற்றவனின் மனைவி பெயரில் ஜெயித்தவர் ஊர் அமைத்திருக்கிறார், இதைவிட என்ன கதை வேண்டும்? கூத்திலும் கதைப்பாட்டிலும் அவனோடு சேர்ந்து செத்த நண்பன் மோவுத்துக்காரன் ஒரு முஸ்லிம். கல்யாணத்தை விட்டுவிட்டு சண்டைக்கு ஓடிவந்தவன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்த இடத்தைப் பாடும்போது இன்றும் குரல் உடையும்.

பாலாற்று மணலையும் சேர்த்துப் படம் எடுத்திருக்கலாம். ஆற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

2.3.2024

கேமரா விஷயம் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக.

உள்ளே இருட்டு, ஜன்னலுக்கு வெளியே வெயில். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் வராது. மூன்று படம் எடுங்கள்: ஒன்று ஜன்னலுக்கு, ஒன்று சுவருக்கு, ஒன்று மூலை இருட்டுக்கு. பிறகு சேர்க்கலாம். சேர்க்கும்போது இருட்டை முழுக்க வெளுக்காதீர்கள், அந்தக் கூடத்தில் அவ்வளவுதான் வெளிச்சம் இருந்தது என்பதும் ஒரு தகவல். ஐஎஸ்ஓ நூறில், எஃப் எட்டில், டிரைபாடில் வைத்து எடுத்தால் போதும். டிரைபாட் இல்லையா, ஜன்னல் திண்டில் துண்டை மடித்து வைத்து அதன்மேல் கேமராவை வையுங்கள்.

கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்பக்கம் சாயும். தள்ளிப்போய், மட்டமாகப் பிடித்து, மேலே கொஞ்சம் வானம் விட்டு எடுங்கள். பயமுறுத்துவதற்காகச் சாய்த்து எடுப்பது, நீல நிறம் ஏற்றுவது, புகை சேர்ப்பது எதுவும் வேண்டாம். கட்டடம் செங்குத்தாக நிற்கிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை நாளைக்கு ஒரு பொறியாளர் உங்கள் படத்தை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

சுவர் விரிசல் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம். அளவு தெரியும்.

3.3.2024

மலைக்கோட்டைகளுக்குப் போவதென்றால் இந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். சித்திரை வந்துவிட்டால் வேலூர்ப் பாறையில் மதியம் கை வைக்க முடியாது. 1677, 78இல் சிவாஜியின் படை வேலூரை முற்றுகையிட்டது அந்த மலைகளிலிருந்துதான். மேலே நின்று கீழே கோட்டை அகழியைப் பார்த்தால் ஏன் அங்கே இடம் பிடித்தார்கள் என்பது விளக்காமலே விளங்கும். தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

12.3.2024

மயானக் கொள்ளை பார்க்கப் போயிருந்தேன், அதனால் பதில் தாமதம். பாலாற்றுச் சுடுகாட்டில் அங்காளம்மன் வந்து இறங்குகிற அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது, "கிராமத்து மக்கள் பேய்க்குப் பயப்படுகிறார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியது நினைவுக்கு வந்தது. சுடுகாட்டுக்குள்ளேயே திருவிழா எடுக்கிற ஜனம் இது. குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வருகிறார்கள். பயம் இருக்கிறது, உறவும் இருக்கிறது. "உள்ள போவாத" என்று சொல்கிற அதே ஆயா வெள்ளிக்கிழமை அங்கே கற்பூரம் ஏற்றிவிட்டு வருகிறார்.

இதை யோசிக்கும்போது முதல் குறிப்பில் "கதைதான் பூட்டு" என்று சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. பாழுங்கிணறு இருக்கிறது, பிள்ளைகள் போய் விழக் கூடாது, அதனால் முனி கதை கட்டினார்கள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வதும் ஒருவகையில் கதையைச் சுருக்குவதுதான். சில இடத்தில் அது சரியாக இருக்கும். பங்கா பெரியவரிடம் போய் "இது எச்சரிக்கைக்காகச் சொன்ன கதை" என்று யாரும் விளக்க முடியாது. கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள், விளக்கம் பிறகு வரட்டும்.

13.3.2024

செங்கம் பக்கம் நடுகல் பார்க்கப் போகிறவர் கேட்டதற்கு: செங்கம் முன்பு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். மகேந்திரவர்மன் காலம். மாட்டு மந்தையை மீட்கப்போய்ச் செத்தவன் கருந்தேவகத்தி, பக்கத்தில் அவன் நாய். அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது. அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட கற்களை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். எண்ணெய் பூசிய கல்லைப் படம் எடுப்பதற்கு முன் பூசாரியிடம் கேளுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் போட்டுத் தேய்க்காதீர்கள், சாய்வான வெயில் போதும்.

19.3.2024

"இடிந்துபோகிற கட்டடத்தைப் படம் எடுத்து என்ன ஆகப்போகிறது" என்று நேற்று ஒருவர். கோபத்தில் கேட்கவில்லை, சோர்வில் கேட்கிறார் என்று தெரிகிறது.

வேலூர்க்காரர்களுக்கு அந்தப் பழைய சொலவடை தெரியும்: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். மூன்றாவது, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில். நூற்றாண்டுகளாகப் பூஜை இல்லாமல், வெள்ளைக்காரர் காலத்தில் படைக்கலம் வைக்கிற இடமாகக்கூட இருந்தது. 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்றைக்குப் பிரதோஷத்துக்குப் போனால் நிற்க இடம் கிடையாது. அந்தச் சொலவடையை இப்போது சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது. 1981க்கு முன் வெறும் கருவறையை யாராவது படம் எடுத்து வைத்திருந்தால் அது இன்று எவ்வளவு பெரிய சொத்து! உங்கள் வீட்டு ஆல்பத்தில் கோட்டைக்குள் எடுத்த பழைய படம் இருந்தால், பின்னணியில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

கட்டடத்துக்கு இனி என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாது. இடியும், இல்லையென்றால் பள்ளிக்கூடமாகும், கல்யாண மண்டபமாகும். எது நடந்தாலும் முன்பு எப்படி இருந்தது என்று கேட்க யாராவது வருவார்கள்.

20.3.2024

பழைய ஆவணம் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குச் சித்தூர்தான் தலைநகர். அதற்கு முந்தைய கட்டடம் என்றால் வேலூரில் மட்டும் தேடி "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1881இல் காக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த மாவட்டக் கையேட்டில் தாலுகா வாரியாக ஊர்க்கதைகளும் இருக்கின்றன. அதிகாரி கேட்டு எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அவர் காலனிக்குள் போயிருக்க மாட்டார்.

2.4.2024

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். தொடரின் தலைப்பை மாற்றிவிட்டாராம், ஒவ்வொரு படத்துக்கும் சொன்னவரின் அனுமதி வாங்கி இரண்டு கதையாவது சேர்க்கப்போகிறாராம். ரொம்ப சந்தோஷம். இரண்டு கதைதான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் கேளுங்கள், காலனியில் கேளுங்கள், வேற்று ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களிடமும் கேளுங்கள். அவர்கள் கதையை அந்த வயதில் கேட்டபடியே வைத்திருப்பார்கள்.

படத்தை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் ஒரு வாரத்தில் காணாமல் போகும், பிரிண்ட் போடுங்கள். எட்டுக்குப் பன்னிரண்டு போதும், மேட் தாள், விரல் படிந்தாலும் தெரியாது. ஒன்று கதை சொன்னவர் வீட்டுக்கு, ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு, நூலகம் இருந்தால் அங்கேயும் ஒன்று. பின்பக்கம் தேதி, இடம், அவர் சம்மதித்தால் சொன்னவர் பெயர், எந்தத் தெரு என்பதையும் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தெரியும், ஜெல் பேனா மழைக்காலத்தில் ஊறும்.